எத்தனை சீசன்?

விளையாடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது என்று அக்கா மகன் ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அத்திப்பட்டுக்குப் போயிருந்தபோது கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். பிராசசர் மேலிருக்கும் விசிறி சுற்ற முடியாதபடி பொடி அடைத்திருந்தது. மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் ப்ளோயரை வைத்து ஊதினால் இருவர் தலையும் நரைத்துவிட்டது. "மாமா, போன தடவை சர்வீஸுக்குக் குடுத்தப்ப, உங்க வீட்ல விறகு அடுப்பான்னு கேட்டாரு அந்த ஆளு" என்று சிரித்தான்.

பக்கத்திலேயே வடசென்னை அனல்மின் நிலையம்; அடுப்பில்லாமலே சாம்பல் வரும் ஊர் அது. வீட்டுக்குள் படிகிற தூசு எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் வெளிர்ச் சாம்பல் நிறத்தில், விரலில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகிற இந்தப் பொடிக்குத் தனி வாசனை. தொண்டையில் முதலில் படும், மூக்குக்கு அப்புறம்தான் வரும். அந்தக் காரல் பட்டதும் இருபது வருஷம் கழன்று விழுந்தது. அப்போது ப்ளோயர் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை வைத்துத்தான் என் முதல் கம்ப்யூட்டரை ஊதுவேன். ஒருவர் பம்பை மிதித்துப் பிடிக்க, ஒருவர் அடிக்க, ஒருவர் குழாயைக் காட்ட என்று மூன்று பேர் வேண்டும். நைனா குழாயைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா அடிடா, இது பத்து வருஷ சீசன்" என்பார்.

சீசன் கதையைச் சொல்ல வேண்டும்.

நைனாவுக்குப் பாரிமுனையில் ஒரு காகித மொத்தக் கடையில் கணக்கு எழுதும் வேலை. அத்திப்பட்டிலிருந்து காலை வண்டி, ராத்திரி வண்டி. சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் அடையாள அட்டையும் மாத சீசன் டிக்கெட்டும், மேலே ஒரு ரப்பர் பேண்டு. முதலாளிக்கு ரூபாயில் கணக்கு எழுதுகிறவர் வீட்டுக்கு வந்தால் வேறு நாணயத்துக்கு மாறிவிடுவார். அம்மா மிக்ஸி கேட்டால், "எத்தனை சீசன் ஆவும் தெரியுமா?" அக்காவின் கல்யாணத்துக்கு மண்டபம் பேசப் போனபோதும் அதே கேள்வியை வாய்க்குள் முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன்.

அதில் ஒரு நியாயம் இருந்தது. பதினைந்து ஒற்றைப் பயணத்துக்கான காசைக் கட்டினால் மாதம் முழுக்கப் போகலாம், வரலாம். வேலை நாளை மட்டும் எண்ணினாலே முதல் எட்டு நாளில் காசு வசூலாகிவிடும்; மீதியெல்லாம் லாபம். அந்த லாபத்தை வீணாக்க மனசு வராமல் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வண்டியேறி, கொருக்குப்பேட்டையில் அத்தை வீடு, திருவொற்றியூரில் கோயில் என்று போய்வருவார். உறவுக்காரர்களுக்கு அவர் பாசக்காரர் என்று பேர். பாசம் உண்டுதான். சீசனும் இருந்தது.

நான் பொன்னேரி எல்.என். அரசுக் கல்லூரியில் பி.காம். படித்த காலம். மீஞ்சூர் பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்புக்குள் ஒரு நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன், கீபோர்டில் எழுத்து தேய்ந்துபோன ஒரு கம்ப்யூட்டர். நெட் என்றால் மணிக்கு இருபது ரூபாய், நெட் இல்லாமல் கேம் மட்டும் என்றால் பத்து. பத்து ரூபாயை நாலு பேர் போட்டுக் கட்டுவோம். ஒருவன் உட்காருவான், மூன்று பேர் பின்னால் நிற்போம். ரோடு ராஷ் ஆடி முடித்து, ப்ராஜெக்ட் ஐஜிஐயில் வேலி தாண்டிச் சுடப்பட்டு, கடைசியில் எல்லோரும் வைஸ் சிட்டியில் வந்து சேர்ந்தோம். கணக்குப்படி ஆளுக்குக் கால் மணி நேரம். பின்னால் நிற்கிறவனுக்குத்தான் எப்போதும் நன்றாக ஆடத் தெரியும். "லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி!" என்று கத்துவான், அவன் உட்கார்ந்தால் முதல் திருப்பத்திலேயே கடலுக்குள் விடுவான்.

சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. வீட்டில் சொன்ன காரணம் டேலி. அப்போது பி.காம். முடித்த எவனுக்கும் டேலி தெரிந்தால்தான் வேலை என்று பேச்சு. பேரேட்டைக் கையால் எழுதியே வாழ்க்கையை ஓட்டிய மனிதரிடம், இனிமேல் பேரேடெல்லாம் இதற்குள்தான் என்று சொன்னால் மறுக்க முடியுமா? ஒரு மாதம் யோசித்தார். சீட்டு எடுத்தார்.

என்ன வாங்குவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ரயில். சாயங்கால வண்டியில் எங்கள் பெட்டி ஒரு பொருட்காட்சிதான். ஜன்னலோரம் நான்கு பேர் முழங்கால்களின் மேல் துண்டை விரித்து ரம்மி ஆடுவார்கள். ஏறும்போது சீட்டைக் கலைத்தால் மீஞ்சூரில் இரண்டு பேர் இறங்கியதும் வேறு இரண்டு பேர் அதே கையை வாங்கி ஆடுவார்கள். எதிரில், சென்னையில் ஹார்டுவேர் படித்துக்கொண்டிருந்த கவரைப்பேட்டைப் பையன் ஒருவன். ஊரில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அவனிடம் ஒரு வார்த்தை. "போர்டு நல்லதாப் போடு, மத்ததை அப்புறம் ஏத்திக்கலாம்" என்பது அவன் கொள்கை. இன்டெல்லா ஏஎம்டியா என்ற வழக்கு அனுப்பம்பட்டில் ஆரம்பித்தால் அத்திப்பட்டு வரைக்கும் தீராது. "ஏஎம்டி சூடாவும்" என்று ஒருவர் சொல்வார். அவர் வீட்டில் எதுவும் கிடையாது. ஆனாலும் அவர் சொன்னால் பெட்டியே தலையாட்டும்.

மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்புகிற ஓர் அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வருவார். ஒருநாள் விலையைக் கேட்டார். சொன்னேன். "அந்தக் காசுல எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு வலை வாங்கிடுவேன். வலை மீனு குடுக்கும். இது இன்னா குடுக்கும்?" டேலி என்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் நான் படித்த எந்த விமரிசனத்திலும் இவ்வளவு நேரான கேள்வி இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நைனாவும் நானும் என் நண்பன் ஒருவனும் போனோம். சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயிலைப் பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் சிந்தாதிரிப்பேட்டை. அதற்குத் தனி டிக்கெட் என்பதால் நைனா ஏற்கவில்லை. ஜி.எச். பக்கமாக நடந்து, கூவத்தைத் தாண்டி நடத்தியே கூட்டிப்போனார். மவுண்ட் ரோட்டுக்குப் பின்புறம், ரிச்சி ஸ்ட்ரீட்டும் நரசிங்கபுரம் தெருவும் சேர்ந்த அந்த நாலு சந்துக்குள் அன்றைக்கு இல்லாத பொருள் இல்லை. தரையில் கேபிள் குவியல், தள்ளுவண்டியில் ரிமோட், மாடிப்படியில் மதர்போர்டு அட்டைப்பெட்டிகள். ஒரு கடையில் கொட்டேஷன் எழுதி வாங்கி, அடுத்த கடையில் அதைக் காட்டி, அங்கே ஐம்பது ரூபாய் குறைத்தால் அதை மூன்றாவது கடைக்குக் கொண்டுபோவது வழக்கம். நாங்களும் அப்படியே சுற்றினோம்.

செலரான் பிராசசர், 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், 17 அங்குலக் குண்டு மானிட்டர், சிடி ரைட்டர். இருபதாயிரத்துச் சொச்சம். "பில் வேணுமா, பில் இல்லாமயா?" என்று கடைக்காரர் கேட்டார். பில் இல்லாவிட்டால் வரி மிச்சம். நைனாவின் முகம் மாறிவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பில்லைப் பார்த்துக் கணக்கெழுதியவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. "பில்லோட" என்றார். கூடுதலாகப் போன காசில் ஒரு ஸ்பீக்கர் வாங்கியிருக்கலாம் என்று நான் ஒரு வருஷம் பொருமினேன்.

ஊர் பேரைச் சொன்னதும் கடைப் பையன் நிமிர்ந்து பார்த்தான். "அத்திப்பட்டா? அஜித் படத்துல மேப்லருந்து காணாமப் போச்சே, அந்த ஊரா?" 2001-ல் 'சிட்டிசன்' வந்ததிலிருந்து எங்களுக்கு இது பழகிப்போன கேள்வி. படத்தில் வருவது அத்திப்பட்டி என்று விளக்கினாலும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். நைனா அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. "எங்க ஊரு மேப்லதாங்க இருக்குது. ஸ்டேஷனே ரெண்டு இருக்குது" என்று சொல்லிவிட்டு, ரசீதில் முகவரி சரியாக எழுதியிருக்கிறதா என்று சரிபார்த்தார்.

திரும்பும்போது ஆட்டோ சென்ட்ரல் வரைக்கும்தான். கூட்டம் குறையட்டும் என்று மூர் மார்க்கெட் வளாகத்தில் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு, வியாபாரிகள் பெட்டியில் ஏறினோம். தரையெல்லாம் மீன் தண்ணீர். கேபினெட்டை நண்பன் தோளில் வைத்துக்கொண்டான். மானிட்டரை நைனா மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் காலத்து மானிட்டர் ஒரு சின்ன அரிசி மூட்டை கனம். பேசின் பிரிட்ஜில் உட்கார்ந்த மனிதர் அத்திப்பட்டு வரைக்கும் காலை மாற்றவில்லை. கூடைக்காரப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டு, "டிவிப் பொட்டியா ஐயா?" என்று கேட்க, "கம்ப்யூட்டரு. பையன் கணக்கு எழுதப் போறான்" என்றார்.

வீட்டு வாசலில் ஆயா ஆரத்தியோடு நின்றிருந்தாள். மானிட்டரின் நாலு மூலையிலும் மஞ்சள், குங்குமம். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மவுஸுக்குக்கூட ஒரு சந்தனப் பொட்டு உண்டு. டேலி கற்றேன், அதைப் பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முதல் வாரமே நைனாதான் ஒரு காரியம் செய்தார். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரில் ஏதோ வாங்கப் போனவர், நான் தூக்கத்தில் பிதற்றுகிற அளவுக்கு வீட்டில் புழங்கிய பெயரை நினைவு வைத்துக்கொண்டு, "வைஸ் சிட்டி இருக்குதாப்பா?" என்று கேட்டு ஐம்பது ரூபாய்க்கு ஒரு சிடி வாங்கி வந்துவிட்டார். அதற்கு அவர் பில் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்கள் எதிரி போலீஸும் இல்லை, எதிர்க் கோஷ்டியும் இல்லை. கரண்டு.

வைஸ் சிட்டியில் நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. ஒரு மிஷனை முடித்து, மறைவிடத்துக்கு வண்டி ஓட்டிப்போய், அங்கே சுழன்றுகொண்டிருக்கும் கேசட்டின் மேல் போய் நிற்க வேண்டும். அரை மணி நேரம் திணறி ஒரு மிஷனை முடித்து, ஓஷன் பீச் ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தும்போது மின்விசிறி மெல்லச் சுற்றி நிற்கும். தமிழ்நாடு முழுக்க மின்பற்றாக்குறை. 2008-லிருந்து நாலைந்து வருஷம் எல்லா ஊரிலும் நேரம் வைத்து நிறுத்தினார்கள். தென் மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாமல் தவித்தவர்களை நினைத்தால் எங்களுடையது ஒன்றுமே இல்லை. ஆனால் அவர்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையம் தெரியாது. எங்களுக்குத் தெரியும். வடசென்னை நிலையத்தில் 1990-களின் நடுவிலேயே 210 மெகாவாட்டில் மூன்று அலகுகள் ஓடத் தொடங்கிவிட்டன. அப்புறம் 600 மெகாவாட்டில் இரண்டு, பக்கத்தில் வல்லூரில் 500 மெகாவாட்டில் மூன்று, 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டில் இன்னொன்று. கரி இறக்குவதற்கென்றே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தார்கள். இருட்டில் மாடியில் பாயை விரித்துப் படுத்தால் புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் மின்னும். ஆயா அதைப் பார்த்து, "அவுங்களுக்கு மட்டும் கரண்டு இருக்குது பாரு" என்பாள்.

யூபிஎஸ் வாங்கினோம். கரண்டு போனதும் கீக் கீக் என்று கத்தும். கத்தத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் கேசட்டை எட்டிவிட வேண்டும் என்று நான் ஓட்டிய வண்டிகளைப் பார்த்திருந்தால் எந்த மிஷனும் அலுப்பாகத்தான் இருந்திருக்கும். எதிர் வீட்டுப் பையன்கள் யூபிஎஸ் சத்தம் கேட்டதும் ஓடி வருவார்கள். விளையாட்டைவிட அதுதான் அவர்களுக்கு வேடிக்கை.

வேலைக்குப் போன பிறகு என் சட்டைப்பைக்கும் ஒரு சீசன் வந்தது. முதலில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகம். காலையில் ஊரெல்லாம் சென்னைக்குப் போக, நான் எதிர்த் திசையில் காலிப் பெட்டியில் காலை நீட்டிக்கொண்டு போவேன். வாழ்க்கையில் அனுபவித்த ஒரே ஆடம்பரம் அது. பிறகு கிண்டிக்கு மாறினேன். சென்ட்ரலில் இறங்கி, சுரங்கப்பாதையில் நெருக்கியடித்து, பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி. போக வர நாலு மணி நேரம். சம்பளம் கூடியது, கம்ப்யூட்டரில் உட்காரும் நேரம் போய்விட்டது.

அங்கே முதல் வருஷத்துச் சேமிப்பில் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்று 2011 கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட் போனால், ஒரு மாதம் முன்பு கேட்ட விலை இரட்டிப்பாகியிருந்தது. தாய்லாந்தில் வெள்ளம் என்றார் கடைக்காரர். கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். உண்மைதான். உலகத்து ஹார்ட் டிஸ்க்கில் பெரும் பங்கு அங்கேதான் உருவாகிறது, தொழிற்பேட்டைகள் தண்ணீருக்குள் கிடக்கின்றன என்று ராத்திரிச் செய்தியில் பார்த்தேன். எங்கோ ஒரு ஆறு உடைந்தால் நரசிங்கபுரம் தெருவில் விலை ஏறும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதே வருஷம் செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. எங்கள் மாவட்டம் என்பதில் நைனாவுக்குப் பெருமை. சித்தப்பா மகள் பிளஸ் டூ படித்தாள். அவளுக்கு ஒன்று வந்தது. எங்கள் வீட்டில் சீட்டு எடுத்து, கொட்டேஷன் சுமந்து, மடியில் வைத்து வந்த பொருள், அவள் பள்ளிப் பையில் உட்கார்ந்துகொண்டு தானாக வந்தது. "எத்தனை சீசன் நைனா?" என்று கேட்டேன். "பூஜ்யம்" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கேம் ஓடாது என்று அவள் அண்ணன் அலுத்துக்கொண்டான். இரண்டே நாளில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஓடியது. நாலு இலவச லேப்டாப்பை ஒரு வயரில் கோத்து அந்தத் தெருவில் நடந்த போட்டிகள் மீஞ்சூர் பிரவுசிங் சென்டரை மூடவைத்தன. அங்கே இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை, அதுவும் தூங்குகிறது.

2016-ல் ஜியோ வந்தபின் ரயில் பெட்டி மாறிய வேகத்தைச் சொல்லி முடியாது. சீட்டாடியவர்கள் ஒவ்வொருவராக ரிடையர் ஆனார்கள், புதிதாகத் துண்டை விரிக்க ஆளில்லை. ஆளுக்கொரு கைபேசியில் அதே ரம்மி, காசு வைத்து. துண்டு விரித்து ஆடிய காலத்தில் தோற்றவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். கைபேசியில் எவ்வளவு போனதென்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. 2025 ஆகஸ்டில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்து சட்டம் வந்தபோது, எங்கள் பெட்டியில் அதைப் பற்றிச் சத்தமாக யாரும் பேசவில்லை. சிலர் முகம் மட்டும் லேசாகத் தெளிந்ததாக எனக்குத் தோன்றியது.

அக்கா மகனுக்கு இந்தக் கதைகள் எல்லாம் வேற்று கிரகம். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். இப்போது வேலரண்ட். விளையாட்டு இலவசம், அதில் துப்பாக்கிக்கு அடிக்கிற வண்ணத்துக்குக் காசு. துப்பாக்கி அதேதான், குண்டும் அதேதான், வண்ணத்துக்கு ஆயிரக்கணக்கில் விலை என்று அவன் விளக்கியபோது நைனா அதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பொடியைத் தட்டியதில் கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. ஆனால் பையன் விடவில்லை. புது கிராஃபிக்ஸ் கார்டு, புது ராம், புது போர்டு என்று கைபேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். மொத்தம் எழுபதாயிரத்தைத் தாண்டியது. அவனைக் கூட்டிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பினேன். விம்கோ நகரில் மெட்ரோ ஏறலாம் என்றான். 2021 பிப்ரவரியில் அந்தத் தடம் வந்ததிலிருந்து திருவொற்றியூர்க்காரர்களுக்கு வாழ்வுதான். நேராக அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் கூப்பிடு தூரம். குளிர்ச்சி, கூட்டமில்லை, கதவு தானாகத் திறக்கும். ஆனால் அத்திப்பட்டிலிருந்து சென்ட்ரலுக்கு மின்ரயிலில் பத்து ரூபாய்க்குள் முடிகிற காரியம். 2025 ஜூலையில் நாடெங்கும் ரயில் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றியபோதும் புறநகர் டிக்கெட்டையும் சீசனையும் தொடவில்லை. போகும்போது மின்ரயில், வரும்போது மெட்ரோ என்று சமரசம் ஆனது.

மின்ரயிலில் அவன் வாசலில் நின்றுகொண்டு வந்தான். கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது காற்று முகத்தில் அறைய, "மாமா, இதுக்கெல்லாம் சர்ஜ் பிரைசிங் கிடையாதா?" என்று கேட்டான். ஆட்டோ ஆப்பிலேயே வளர்ந்த பிள்ளை. மழை பெய்தாலும் தீபாவளி என்றாலும் விலை ஏறாத ஒரு பொருளை அவன் அதுவரை பார்த்ததில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கூட்டம் பாதிதான். கடையில் ராம் விலையைக் கேட்டதும் பையன் கைபேசியை எடுத்துக் காட்டினான்: சில மாதம் முன்பு அதே ராம் மூன்றில் ஒரு பங்கு விலை. கடைக்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "தம்பி, அது அந்த நாள் ரேட்டு. இன்னைக்கு இது. நாளைக்குக் கேட்டா வேற சொல்லுவேன்." செயற்கை நுண்ணறிவுக்கென்று உலகெங்கும் கட்டுகிற டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொள்கின்றன, தயாரிக்கிற மூன்று பெரிய கம்பெனிகளும் அதிக லாபம் தருகிற அந்தப் பக்கம் திரும்பிவிட்டன, 2025 டிசம்பரில் அவற்றில் ஒன்றான மைக்ரான், வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்களுக்காகப் பல வருஷமாக விற்றுவந்த க்ரூஷியல் என்ற பெயரையே மூடப்போவதாக அறிவித்தது. தாய்லாந்து வெள்ளமாவது வடிந்தது. இது எப்போது வடியும் என்று கேட்டேன். கடைக்காரர் டீ சொன்னார்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். நாங்கள் வளர்ந்த காலத்தில் ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது: இன்றைக்கு வாங்க முடியாததை அடுத்த வருஷம் வாங்கலாம், விலை எப்படியும் இறங்கும். கவரைப்பேட்டைப் பையனின் 'அப்புறம் ஏத்திக்கலாம்' என்ற கொள்கையே அந்த நம்பிக்கையில் நின்றதுதான். காத்திருப்பவனுக்கு லாபம் இருந்தது. இன்றைக்குக் காத்திருக்கிறவனைப் பார்த்துத்தான் விலை ஏறுகிறது. பொறுமையை மட்டும் முதலாக வைத்திருந்த எங்கள் மாதிரி வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய நஷ்டம்.

பையன் கணக்குப் போட்டான். கார்டு வேண்டாம், போர்டு வேண்டாம். இருக்கிற போர்டில் ஒரு ராம் போட இடம் காலியாக இருந்தது, அதற்கு ஒன்று. கூட ஒரு விசிறி, ஒரு டப்பா தெர்மல் பேஸ்ட், தூசு வடிகட்ட இரண்டு வலை. எல்லாம் சேர்த்து ஒரு பையில் அடங்கிவிட்டது. மெட்ரோவில் உட்கார்ந்து வந்தோம். விம்கோ நகரில் இறங்கி மின்ரயிலுக்கு மாறியபோது கும்மிடிப்பூண்டி வண்டியில் கால் வைக்க இடமில்லை; பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டில் நைனா காத்திருந்தார். ரிடையர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. சீசன் எடுப்பதில்லை, கணக்கு மட்டும் போகவில்லை. முதலில் எழுபதாயிரத்துப் பட்டியலைக் கேட்டார். மனக்கணக்கு அரை நிமிஷம் ஓடியது. "இன்னைக்கு சீசன் வெலைக்கு முப்பது வருஷம் ஆவும்டா. நான் வேலைக்குப் போன காலம் மொத்தமும்."

"அதுக்குத்தான் தாத்தா இஎம்ஐ. மாசா மாசம் கட்டுனா தெரியவே தெரியாது."

"மாசா மாசம் கட்றதுன்னா சீசன்தானே?"

"ஆமா. ஆனா இதுல எங்கயும் போக முடியாது."

"அதான் நீ எங்கயும் போறதில்ல" என்றார் நைனா. அக்கா உள்ளேயிருந்து சிரித்தாள். பையன் பதில் சொல்லாமல் விசிறியைப் பிரித்து மாட்டத் தொடங்கினான். நைனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். "பில்லு எங்க?"

கொடுத்தேன். ஒன்பது சதவீதம் மத்திய வரி, ஒன்பது சதவீதம் மாநில வரி, இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். "நாப்பது பைசா ரவுண்டு ஆஃப் பண்ணியிருக்கான். மேல ஏத்தித்தான் பண்ணியிருக்கான்."